கர்னல் ஆவணத் திருத்தமும் பொறியியல் வேலைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொறியியல் கல்லூரியில் இயங்குதளப் பாடம் நடத்துகிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்கு நிரல் எழுத ஆசைப்படும் மாணவர்கள் பலர், அதன் ஆவணங்களைத் திருத்துவதைச் சின்ன வேலை என்று ஒதுக்குவது வருத்தமாக இருக்கிறது.

கர்னலின் நினைவக அமைப்புகளை (செட்டிங்ஸ்) விளக்கும் ஆவணம், 2009-இல் வந்த 2.6.29 பதிப்பின் பெயரையே பல ஆண்டுகள் தலைப்பில் சுமந்து நின்றது. அதற்குள் கர்னல் 5-ஆம் பதிப்பைத் தாண்டிவிட்டது. உள்ளே புதிய பகுதிகளும் சேர்ந்திருந்தன. எது பழசு, எது புதுசு என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? சர்வரைப் பராமரிப்பவர் அதை நம்பித்தானே அமைப்பை மாற்றுகிறார்!

ஒரு ஃபங்ஷனுக்கு, அதாவது குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் பகுதிக்கு, புதிய அளவுருவை (உள்ளீட்டை) சேர்த்துவிட்டு, அதற்கு மேலுள்ள குறிப்பில் எழுதாமல் விட்டால் அந்தக் குறிப்புகளிலிருந்து ஆவணம் தயாரிக்கும் கர்னல்-டாக் கருவி எச்சரிக்கும். சரி, விடுபட்ட பெயரை அது பிடித்துவிடும். எழுதியிருக்கும் விளக்கம் இன்றைக்கும் உண்மையா என்பதை நிரலை வரிவரியாகப் படித்து மனிதர்தான் சொல்ல வேண்டும். நிரல் எழுதுவதற்குத் தேவையான அதே அறிவு இதற்கும் வேண்டும்.

கர்னலில் ஏற்கப்பட்ட ஆவணத் திருத்தங்களுக்கும் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் மதிப்பெண் தரக் கல்லூரிகள் முன்வர வேண்டும்.

– கணினித்துறை ஆசிரியை, திருநெல்வேலி