தொகுதிக்கு நூறு வீடு என்ற கணக்கு

இடுக்கி மலைக்கு இணையம் கொண்டுவரும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கும், ஓட்டுக் கேட்டு மலையேறி வரும் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் வணக்கம்.

வட்டவடை பஞ்சாயத்தில், கோவிலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சாதிச் சான்று, ஓய்வூதியம், பிள்ளைகளின் உதவித்தொகை என்று ஊரில் பாதிப் பேரின் விண்ணப்பம் என் கடை வழியாகத்தான் போகிறது. கடைக்குள் ரேஞ்ச் நிற்காது. ஓடிபி வர வேண்டும் என்றால் போனை எடுத்துக்கொண்டு எதிர்மேட்டுக்கு ஏற வேண்டும். அங்கிருந்து எண்ணைக் கத்திச் சொல்வார்கள், நான் கீழே தட்டுவேன். பாதி நேரம் அதற்குள் கெடு முடிந்துவிடும். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கி எச்சரிக்கிறது. எங்கள் ஊரில் அது தெருவுக்கே கேட்கும்.

இணையம் அடிப்படை உரிமை என்று சொன்ன மாநிலம் நம் கேரளா. அது கல்வி உரிமையோடு சேர்ந்தது என்று 2019இல் உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. 2023 ஜூன் 5 அன்று மாநில அரசின் கண்ணாடி இழை இணையத் திட்டமான கே-ஃபோன் தொடங்கியபோது நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஏழைக் குடும்பங்கள் 20 லட்சத்துக்கு இலவசம் என்பது அதன் இலக்கு. முதல் கட்டமாகத் தொகுதிக்கு 100 வீடு, 140 தொகுதிக்கு 14,000 வீடு என்று பிரித்தார்கள்.

இந்தப் பிரிப்பில்தான் எனக்குக் கோளாறு தெரிகிறது. நான்கு கம்பெனிகள் போட்டி போட்டு வயர் இழுக்கும் எர்ணாகுளத்துக்கும் நூறு, எங்கள் தேவிகுளம் தொகுதிக்கும் அதே நூறு. தேவிகுளம் என்றால் அடிமாலி, மூணாறு, மறையூர், காந்தளூர், வட்டவடை, காட்டுக்குள் இருக்கும் இடமலைக்குடி எல்லாம் சேர்த்துத்தான். சோற்றைச் சமமாகப் பரிமாறுகிறீர்கள், சரி. முன்பே சாப்பிட்டுவிட்டு வந்தவர் யார் என்று பார்க்க வேண்டாமா? அடுத்த கட்டத்திலாவது, வேறு வழியே இல்லாத ஊர்களிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

அப்புறம் லயத்து வீடுகள். மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளி குடியிருக்கும் லயம் கம்பெனியுடையது. இணைப்புக்கு வீட்டு வரி ரசீது கேட்டால் அவர் எங்கே போவார்? ரேஷன் கார்டு போதும் என்று எழுதிக் கொடுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலும் அச்சடியுங்கள். எங்களுக்கு மலையாளம் பேச வரும். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாத பாட்டிகள் என் கடை வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கட்டணத்தைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. தொடக்கத்தில் அறிவித்த மாதம் 299 ரூபாய் பூண்டு விவசாயிக்கும் கட்டுப்படியாகும் தொகைதான். கசப்பு வேறு இடத்தில். போன ஆனி மாதக் காற்றில் மரம் விழுந்து, கடைக்கு நான் வாங்கியிருந்த ஒரு கம்பெனி இணைப்பு அறுந்தது. கண்ணாடி இழையைத் தாமிரக் கம்பி மாதிரி முறுக்கி ஒட்ட முடியாது, ஸ்ப்ளைசிங் மெஷின் வேண்டும். அது மலைக்குக் கீழேயிருந்து வர பதினொரு நாள் ஆனது. பில் மட்டும் முழு மாதத்துக்கு வந்தது! வீட்டுக்கு வீடு இணைப்புக் கொடுப்பது உள்ளூர் கேபிள் டிவிக்காரர்கள்தான் என்றால், அவர்களில் இரண்டு பேருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்து, மெஷின் ஒன்றை இங்கேயே வைக்கலாமே. லைன் செத்த நாளுக்குப் பணம் கழிப்பதையும் விதியாக்குங்கள்.

மின்கம்பத்திலேயே கேபிள் ஓடுவதால் மரம் விழுந்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். அந்த நேரம் ரேஷன் கடையில் கைரேகை பதியாது, அரிசியும் வராது. வடுகபட்டிச் சந்தையில் பூண்டு என்ன விலை என்று கேட்காமலே மூட்டையை லாரியில் ஏற்ற வேண்டியிருக்கும்.

மெஷினை வைக்க ஊரில் பாதுகாப்பான இடமில்லை என்று யாராவது குறிப்பெழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: என் கடையில் பூட்டுப் போட்ட அலமாரி ஒன்று காலியாக இருக்கிறது. வாடகை வேண்டாம்.

இப்படிக்கு,
கோவிலூர் ஜெராக்ஸ் கடைக்காரன்