நானோ உரத்தைத் தலையில் கட்டும் முன் சோதனை முடிவைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சம்பாவுக்கு மேலுரம் போடும் நேரத்தில் எங்கள் ஊர் உரக்கடையில் யூரியா கேட்டால், கூடவே இலையில் தெளிக்கும் திரவ உரமான நானோ யூரியா பாட்டிலும் வாங்கினால்தான் மூட்டை வெளியே வருகிறது. பயிர் வெளுத்து நிற்கும்போது யார் நின்று வாதாட முடியும்? இப்படி இணைத்து விற்கக் கூடாது என்று அரசே சொல்லியிருக்கிறது. கடையில் அந்தப் பேச்சு எடுபடுவதில்லை.

பாட்டிலுக்குக் கொடுக்கும் பணம் மட்டுமல்ல என் கவலை. 2021-இல் அனுமதி பெற்று வந்த நானோ யூரியாவில் தழைச்சத்து (நைட்ரஜன்) 4 சதவீதம். அரை லிட்டர் பாட்டிலில் 20 கிராம். 45 கிலோ மூட்டையிலோ 20 கிலோவுக்கு மேல். அந்த ஒரு பாட்டில் இந்த ஒரு மூட்டைக்கு ஈடாம். துகள் மிக நுண்ணியது, இலைத்துளை வழியாக நேரே உள்ளே போய்விடும் என்று விளக்கம் சொல்கிறார்கள். ஒரு பொட்டுகூட வீணாகாமல் போனாலும், 20 கிராம் தழைச்சத்து ஒன்றிரண்டு கிலோ நெல்லுக்குத்தான் காணும். இப்போது 20 சதவீதமாகக் கூட்டியிருக்கிறார்கள். அதுவும் பாட்டிலுக்கு 100 கிராம்தான்.

லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் நானோ யூரியாவை வயலில் இரண்டு ஆண்டு சோதித்து, வழக்கமான உர முறையைவிட நெல் மகசூல் 13 சதவீதமும் கோதுமை 21.6 சதவீதமும் குறைந்ததாகச் சொன்னது. தயாரிப்பாளர் தரப்பு அதை ஏற்கவில்லை. சரி, யார் சொல்வது உண்மை என்பதை விற்பதற்கு முன்பே அல்லவா தீர்த்திருக்க வேண்டும்?

மருந்தடிக்கும் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நானோ யூரியாவின் பயன்பாட்டுக் குறிப்பில் முகக்கவசமும் கையுறையும் அணியச் சொல்லி ஒரு வரி இருக்கிறது. எங்கள் பக்கம் தெளிப்பவர் மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, காற்றுக்கு எதிரே திரும்பும்போதெல்லாம் முகம் நனைந்து வரப்பேறுகிறார். கூலிக்கு வருகிற அவரிடம் அந்த வரியை இதுவரை எவரும் படித்துக் காட்டியதில்லை.

யூரியாவாவது தண்ணீரில் கரைந்துவிடும். அடுத்து வருகிற நானோ துத்தநாகமும் நானோ செம்பும் உலோகம், மண்ணில் தங்கக்கூடியவை. மண்புழுவுக்கும் வாய்க்கால் மீனுக்கும் என்ன ஆகும் என்று பல போகம் பார்த்துத்தான் சொல்ல முடியும். நானோ வேளாண் பொருள்களை மதிப்பிட மத்திய அரசு 2020-இல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் நெறிமுறை சட்டமாகாது. பிரான்சில் நானோ பொருளைத் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் ஆண்டுதோறும் அளவைக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 2013 முதல் சட்டமே இருக்கிறது. இங்கே எங்கள் வட்டத்து வயல்களில் இதுவரை எத்தனை லிட்டர் இறங்கியது என்று கேட்டால் யார் பதில் சொல்வார்கள்?

நான் நானோ தொழில்நுட்பத்துக்கு எதிரியல்ல. உரச் செலவு குறைந்தால் முதலில் மகிழ்பவன் நான்தான். கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியலுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. டெல்டாவில் குறுவை, சம்பா என்று தொடர்ந்து சில ஆண்டுகள் விவசாயி வயலிலேயே சோதிக்க அவர்களுக்கு அரசு பணம் ஒதுக்கட்டும். மகசூல் குறைந்த வயலின் கணக்கையும் மறைக்காமல் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்டட்டும். அதுவரை விருப்பமுள்ளவர் மட்டும் பாட்டில் வாங்கட்டும். மூட்டையோடு சேர்த்துக் கட்டுவதை மாவட்ட நிர்வாகம் இந்தப் பருவத்திலேயே நிறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.