பாட்டோடு பேரும் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பிதழில், இக்கால இளைஞர்கள் கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் விதத்தைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அரை நிமிடம் கேட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறார்கள், எதிலும் மனம் ஊன்றுவதில்லை என்று கட்டுரையாளர் வருந்தியிருந்தார். அறுபதை நெருங்கிக்கொண்டிருக்கும் எனக்கு அந்த வருத்தத்தில் முழு உடன்பாடு இல்லை. என் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுடைய நண்பர்களும் கேட்கிற அளவுக்கு விதவிதமான இசையை அந்த வயதில் நான் கேட்டதில்லை. என்னை உறுத்துவது வேறொன்று. நாம் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் பாட்டுகள், பாடியவர் யார், எழுதியவர் யார், எந்த ஊர் என்ற அடையாளம் எதுவும் இல்லாமல் வந்து சேர்கின்றன. அதைப் பற்றி எழுதவே இக்கடிதம்.

நான் பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். 1964 ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில், இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டிய இந்திய வம்சாவளியினர் என்று எழுதப்பட்ட 5,25,000 பேரிலும் அவர்களுக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளிலுமாக எங்கள் வீட்டு ஆறு பேரும் அடக்கம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் இருந்து, கோத்தகிரிப் பக்கம் தேயிலை வேலைக்கு வந்து சேர்ந்தோம். அப்பா தூக்கி வந்த சாமான்களில் ஒரு டிரான்சிஸ்டர் வானொலியும் இருந்தது. எங்கள் குடியிருப்புக்கு மேலேயிருந்த மேட்டில் ஏறி ஏரியலை இழுத்துவிட்டால் இலங்கை வானொலி பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்கும். மூடுபனி இறங்கிய மாலைகளில் அப்பா ஒரு சாக்கைத் தலையில் போர்த்துக்கொண்டு அந்த மேட்டில் உட்கார்ந்திருப்பார். பாட்டுக்காக மட்டும் அவர் உட்கார்ந்திருந்ததாக நான் நினைக்கவில்லை. விட்டுவந்த ஊரின் குரல் அது.

கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்கள் அந்த வானொலியில் ஒரு பாட்டை வெறுமனே போட்டுவிட்டுப் போகமாட்டார்கள். படம் எது, பாட்டை எழுதியவர் யார், இசை யாருடையது, பாடியவர்கள் யார் என்று முறையாகச் சொல்லிய பிறகே இசைத்தட்டு சுழலும். பள்ளிக்கூடம் போகாத என் அம்மா, மெட்டின் முதல் வரியைக் கேட்டதும் கவிஞரின் பெயரைச் சொல்வார். நேயர் விருப்பத்துக்கு அப்பா கொழும்புக்குக் கடிதம் போடுவார்; ஒருநாள் எங்கள் ஆறு பேருடைய பெயரையும் அறிவிப்பாளர் வரிசையாக வாசித்துவிட்டு, கடைசியில் 'கோத்தகிரி' என்று சொன்னபோது குடியிருப்பே கைதட்டியது. பாட்டைப் பகிர்ந்துகொள்வது என்றால் என்னவென்று எனக்கு முதன்முதலில் தெரிந்தது அன்றுதான். படைத்தவரின் பெயரும் இருந்தது, விரும்பிக் கேட்டவரின் பெயரும் இருந்தது. சினிமாவுக்கு வெளியே தமிழில் துள்ளிசை என்று ஒன்று இருக்கிறது, அதை நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடுகிறார்கள் என்பதும் அந்த வானொலி சொல்லித் தெரிந்ததே.

தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் பக்கம் முப்பது ஆண்டுக்குமேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, பழைய தோழர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமாகப் பதினான்கு பேர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். இரவு எட்டு மணிக்குமேல் முறை வைத்து ஒருவர் ஒரு பாட்டு அனுப்ப வேண்டும். அது ஏன் பிடிக்கும் என்று இரண்டு வரியாவது எழுத வேண்டும். குன்னூர், அரவேனு, கீழ்க்கோத்தகிரி, கூடலூர் என்று ஆட்கள் சிதறியிருப்பதால், ஒரு பக்கம் சிக்னல் கிடைக்காமல் போனால் மறுநாள் காலையில்தான் பதில் வரும். இந்தக் குழுவால் எனக்குக் கிடைத்த இசைக்குழுக்கள் பல. ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

கூடலூரில் இருக்கும் நண்பரின் மகள், கல்லூரி மாணவி, ஒருநாள் இரவு 'தினாரிவென்' என்ற குழுவின் பாட்டை அனுப்பியிருந்தார். சகாரா பாலைவனத்துத் துவாரெக் மக்களின் குழு அது. அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பாலைவனங்கள் என்று பொருளாம். குழுவைத் தொடங்கிய இப்ராஹிம் அக் அல்ஹபீப், 1963 இல் மாலியில் நடந்த கிளர்ச்சியின்போது தன் தந்தை கொல்லப்பட்டதைச் சிறு பிள்ளையாகக் கண்டவர். அல்ஜீரியாவில் அகதியாக அலைந்த காலத்தில் ஒரு தகர டப்பா, ஒரு குச்சி, மிதிவண்டி பிரேக் கம்பி ஆகியவற்றைக் கொண்டு தனக்கென்று ஒரு கிதார் செய்துகொண்டவர். 1979 இல் தமன்ராசெத் என்ற ஊரில் தொடங்கிய அக்குழு, வெற்றுக் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் பாட்டைப் பதிந்து கொடுத்தது. அந்தக் கேசட்டுகள் கைமாறிக் கைமாறிப் பாலைவனம் முழுவதும் பரவின. 2012 இல் கிராமி விருதும் வந்தது. இவ்வளவையும் அந்தப் பெண் தமிழில் எழுதிப் பாட்டோடு சேர்த்து அனுப்பியிருந்ததால், ஒரு சொல்லும் விளங்காத அந்த மொழியில், ஒரே சுருதியில் கைதட்டலோடு நடந்துபோகும் அந்தக் கிதார் எனக்கு நேராக நெஞ்சில் இறங்கியது. ஊரைவிட்டு வந்தவர்களின் பாட்டு என்று தெரிந்து கேட்டேன். தெரியாமல் கேட்டிருந்தால், கட்டுரையாளர் சொல்வதுபோல் நானும் அரை நிமிடத்தில் தாவியிருப்பேன்.

இப்படியே, கானாவையும் பறையையும் ராப்பையும் ஒன்றாக்கி 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' வந்தது. கனடாவில் வாழும் ஈழத்து வழி இளைஞர்களான யாஞ்சனும் ஷான் வின்சென்ட் டி பாலும் மிருதங்கச் சொற்கட்டுக்கு இணையாக ராப் பாடும் வரிசை வந்தது. மலையாளத்து ராக் குழுவான 'அவியல்' வந்தது. எல்லாம் பிடித்தன என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொன்றும் இன்னாருடையது என்ற விவரத்தோடு வந்ததால், பிடித்தவர்களைத் தேடிப்போய் மேலும் கேட்க முடிந்தது.

இனி, நான் செய்த பிழையைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு குளிர்காலத்தில் எனக்கு எங்கிருந்தோ ஒரு நிமிடக் காணொளி வந்தது. பலமுறை கைமாறியது என்ற குறி மட்டும் அதன்மேல் இருந்தது. குழலும் கொம்பும் தோல்கருவிகளும் சேர்ந்து முழங்கும், நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்களின் இசை. கீழே 'மலைமக்களின் கொண்டாட்டம்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். குழுவில் ஒருவருடைய பேத்திக்கு அன்று பிறந்தநாள். வாழ்த்தாக இருக்கட்டும் என்று அதை அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்துக்குள் என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த கோத்தர் நண்பர் அழைத்தார். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. "அண்ணா, நீங்கள் அனுப்பியது சாவுக்கு வாசிக்கிறது. எங்களில் சாமிக்கு வாசிக்கும் மெட்டு வேறு, சாவுக்கு வாசிக்கும் மெட்டு வேறு. இதை எங்கள் வீட்டில் சும்மா போட்டுக் கேட்கமாட்டோம்" என்றார். சற்றுப் பேசாமல் இருந்துவிட்டு, "அதில் கொள் ஊதுகிறவர் எனக்குச் சித்தப்பா முறை" என்றும் சொன்னார். கொள் என்பது அவர்கள் ஊதும் குழல். இந்த ஊரின் பெயரிலேயே கோத்தர்கள் இருக்கிறார்கள். ஐம்பது ஆண்டு அவர்களுக்குப் பக்கத்தில் வாழ்ந்த எனக்கு, ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்குச் சாவு மெட்டை அனுப்பும் அளவுக்குத்தான் அவர்கள் இசை தெரிந்திருக்கிறது. உடனே அதை நீக்கினேன், பேத்தியின் வீட்டாரிடமும் நண்பரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

எங்கே கோளாறு நேர்ந்தது என்று பிறகு என் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். யூடியூபில் ஏற்றியவர்கள் பெரும்பாலும் பாட்டின் கீழே விவரம் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தின் இணைப்பை அனுப்பினால் விவரமும் கூடவே போகிறது. பாட்டை இறக்கி, நடுவில் ஒரு துண்டை வெட்டி, அந்தத் துண்டை மட்டும் அனுப்பும்போது பெயர் முழுவதும் உதிர்ந்துவிடுகிறது. கோப்பின் தலையில் மிஞ்சுவது சில எண்கள். பிறகு அதை வாங்குகிறவர் தமக்குத் தோன்றியதை எழுதி அடுத்தவருக்கு அனுப்புகிறார். படகர் பாட்டு, இருளர் பாட்டு, கோத்தர் இசை, தோடர் பாட்டு என்று நான்கு வேறு மொழிக்காரர்களின் உழைப்பு 'மலைவாசிப் பாட்டு' என்ற ஒரே சாக்குக்குள் கட்டப்படுவது இப்படித்தான். எங்கள் குழுவில் வந்த இத்தகைய துண்டுகளை எடுத்துப் பார்த்தோம். ஒன்றில்கூடப் பாடியவர் பெயர் இல்லை.

நாட்டார் பாட்டுக்கு ஆசிரியர் ஏது, அது ஊர்ச் சொத்து அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. மெட்டு ஊருக்குச் சொந்தமாக இருக்கலாம், ஆனால் அந்தக் காணொளியில் மூச்சைப் பிடித்து ஊதியவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, அந்த ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது, எந்த நேரத்துக்கு உரிய மெட்டு என்ற முறையும் இருக்கிறது. 1930களில் நீலகிரிக்கு வந்து கோத்தர் மொழியில் கதைகளைக் கேட்டு எழுதிய மொழியியலாளர் எமனோ, அவற்றைத் தமக்குச் சொன்னவர் சுள்ளி என்ற கோத்தர் என்பதை நூலிலேயே பதிவு செய்தார். தாளும் பேனாவும் மட்டும் வைத்திருந்தவரால் முடிந்தது, கையில் இத்தனை வசதிகளை வைத்திருக்கும் நம்மால் முடியாதா? சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தின் வழியாகச் சேர்ந்த 38பி பிரிவு, தம் நிகழ்த்துதலுக்குத் தம்மை அடையாளம் காட்டக் கோரும் உரிமையை நிகழ்த்துகலைஞருக்கு அளிக்கிறது.

பெயர் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பாடகி நஞ்சியம்மா போதும். 2020 ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருது 2022 இல் அவருக்கு அறிவிக்கப்பட்ட அன்று, எங்கள் பக்கத்து இருளர் வீடுகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் கூட்டம் நின்றது. தங்கள் மொழியில் அவரே கட்டிய பாட்டு, தங்கள் பெண், அவர் பெயர். பெயரில் குறை நேர்ந்தால் எவ்வளவு புண்படும் என்பதற்கு 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டைச் சுற்றி 2021, 2022 ஆம் ஆண்டுகளில் எழுந்த விவாதம் சான்று. அதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்தப் பாட்டுக்கு ஊற்றாக இருந்தவர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய, ராப் பாடகர் அறிவு என்பவரின் பாட்டி வள்ளியம்மாள் என்று அறிந்தபோது, என் ஆத்தாவைப் பற்றி யாரோ பாடியதுபோல் அழுதேன். வள்ளியம்மாள் என்ற பெயர் எனக்கு வந்து சேராமல் போயிருந்தால், அதை ஒரு கலியாண வீட்டு ஆட்டப் பாட்டு என்றே நினைத்துக் கடந்திருப்பேன்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வலைத்தளங்களில் பரவும் பாட்டுகளைப் பற்றித் தங்கள் இதழில் அடிக்கடி செய்தி வருகிறது. எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்ற எண் தவறாமல் இருக்கிறது. அதே இடத்தில் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், முடிந்தால் கருவி வாசித்தவர் பெயரையும், அது எந்த மொழி என்பதையும் ஒரு வரியில் சேர்த்து அச்சிடுங்கள். ஞாயிறு இணைப்பிதழில் ஒரு கால் பத்தி ஒதுக்கினால், திரைப்படம் சாராத பாட்டு ஒன்றை வாரந்தோறும் வாசகர்களே விவரத்தோடு எழுதி அனுப்பலாம். எங்கள் பதினான்கு பேரும் அதற்கு ஆயத்தமாக இருக்கிறோம். எங்கள் குழுவில் இப்போது விதியை மாற்றியிருக்கிறோம். வெட்டிய துண்டு வந்தால், மூலத்தைத் தேடி இணைப்போடு அனுப்பும் வரை அதை யாரும் வெளியே அனுப்புவதில்லை. சில இரவுகளில் பாட்டே இல்லாமல் தேடுவதிலேயே நேரம் போய்விடுகிறது. போகட்டும்.

அந்தக் காணொளியில் கொள் ஊதியவரின் பெயரை இக்கடிதத்தில் எழுத வேண்டும் என்பதே என் ஆசை. நண்பர் வழியாக அவரிடம் கேட்டேன். அச்சில் வருவதாக இருந்தால் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சாமி கும்பிடும் நாள்கள் முடிந்தபின் நேரில் வாருங்கள் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். போய்க் கேட்டுவிட்டுத் தங்களுக்கு மறுபடியும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.