அது சும்மா போம் இல்லைத் தம்பி

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிறன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில கதைச்சதில இருந்து எனக்கு மனம் ஒரு இடத்தில நிக்கேல்லை. வொய்ஸ் போட்டால் அம்மாவும் பக்கத்தில இருந்து கேப்பா, அதாலதான் எழுதிறன், மூண்டு நாளா விட்டு விட்டு எழுதினது, நீ வேலையால வந்து சாப்பிட்டிட்டு ஆறுதலா இருந்து வாசி.

நீ பிஸ்டல் வாங்கப் போறன் எண்டு சொல்லேக்க நான் ஒண்டும் சொல்லாமல் இருந்தனான். வாங்காதை எண்டுதான் வாயில வந்தது. ஆனா ராவு ரெண்டு மணிக்குப் பெற்றோல் ஷெட்டில தனிய நிக்கிறது நீ, நான் இல்லை. நியூ ஜேர்சியில ஆக்கள் தாங்களா பெற்றோல் அடிக்கேலாது எண்டு சட்டமெண்டபடியா மழையோ பனியோ நீதான் வெளியில நிக்கோணும், போன மாசம் ரெண்டு பேர் வந்து காசைப் பறிச்சுக்கொண்டு போனதையே எங்களுக்கு ரெண்டு கிழமை கழிச்சுத்தான் சொன்னனி. பயம் வாறது நியாயம். உனக்கு 31 வயசு, சிற்றிசன், அந்த நாட்டுச் சட்டம் உனக்கு அந்த உரிமையைக் குடுத்திருக்கு, அதில நான் குறுக்க நிக்கேல்லை.

ஆனா கதையோட கதையா ரெண்டு விசயம் சொன்னனி. ஒண்டு, துவக்கு வாங்க நிரப்பிற விண்ணப்பத்தைப் பற்றி, "அது சும்மா போம்தான் அப்பா, டிக் அடிச்சுக் குடுக்கிறது". மற்றது, சித்தப்பாவின்ர பெடியன் ஸ்ருடன்ட் விசாவில வந்தபடியா அவனுக்கு வாங்கேலாதாம், உன்ர பேரில ரெண்டா எடுத்து ஒண்டை அவனிட்டக் குடுத்தால் சரிதானே எண்டு. இந்த ரெண்டும்தான் என்னை நித்திரை கொள்ள விடுகுதில்லை.

நான் 1976 ல விதானை வேலைக்கு, அதுதான் கிராம சேவகரா, வந்தனான், உனக்குத் தெரியும். 83 கலவரத்துக்கு முந்தி எங்கட பக்கத்தில கமக்காரனுக்கு துவக்கு லைசென்ஸ் எண்டால் பெரிய விசயம், காடு பக்கத்தில, பன்றி ஒரு ராவில வயலை உழுது கவிட்டுப் போட்டுப் போயிடும். 1916ம் ஆண்டுத் துவக்குச் சட்டம், வெள்ளைக்காரன்ர காலத்துச் சட்டம், இண்டைக்கும் அதுதான் அடிச்சட்டம். லைசென்ஸ் மார்கழி 31 ஓட முடிஞ்சிடும், தை பிறக்கக் கச்சேரிக்கு, அதுதான் அரசாங்க அதிபரின்ர கந்தோருக்கு, ஓடோணும். புதுசா ஒருத்தர் கேட்டால் ஆள் எப்பிடி, நிலம் கிடக்கோ, நடத்தை எப்பிடி எண்டு நான் எழுதிக் குடுக்கோணும், பொலிஸ் விசாரிக்கும், பிறகுதான் அரசாங்க அதிபரின்ர கையெழுத்து.

எனக்கு ஒண்டுவிட்ட அண்ணர் ஒருத்தர் வந்து கேட்டார். சொந்தம். அவர் பின்னேரமானால் குடிக்கிறவர் எண்டு ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். நான் "நன்னடத்தை உள்ளவர்" எண்டு எழுதிக் குடுத்தன். வீட்டை போய் துவக்கை எங்க வைக்கப் போறார் எண்டுகூடப் பாக்கேல்லை, பிறகு பாத்தால் கூரை வளையில ஆணி அடிச்சுக் கொழுவி இருந்தது, ஒரு கதிரை வைச்சு ஏறினால் எந்தப் பிள்ளைக்கும் கை எட்டும். அடுத்த வருசம் காலபோக நெல்லு கதிர் முத்திற நேரம், பக்கத்துக் காணிக்காரன் ஒரு ராவுக்குத் தாவெண்டு கேட்க இவர் குடுத்திட்டார், தோட்டா நாலும் குடுத்தவர். அவன் இருட்டில வரம்பு சரசரக்குது எண்டு வெடி வைச்சிட்டான். அது பன்றி இல்லை. காவல் கொட்டிலுக்குத் தேத்தண்ணி கொண்டு வந்த பெடியன், 14 வயசு.

உழவு மெசின் பெட்டியில வைக்கல் போட்டுக் கிடத்திக் கொண்டு போனது நாங்கள்தான். அரிக்கன் லாம்பு பிடிச்சுக்கொண்டு நான் பக்கத்தில நிண்டனான். டொக்டர் துடையில இருந்து சன்னத்தை ஒண்டொண்டாக் கிளப்பி தகரக் கிண்ணத்தில போட்டார், ஒவ்வொண்டும் விழேக்க ணங் எண்டு ஒரு சத்தம், நான் எண்ணினனான், ஏழு. ரெண்டை எடுக்கேலாமல் விட்டவர். பிறகு விசாரணையில அந்தச் சிபாரிசுக் கடிதத்தை மேசையில விரிச்சு வைச்சு, இது உங்கட கையெழுத்தோ எண்டு கேட்டினம். ஓம் எண்டன். வேற என்ன சொல்லுறது.

அந்தப் பெடியன்தான் குளக்கட்டு வீட்டு மாமா. அவர் ஏன் நொண்டுறார் எண்டு நீ சின்னனில கேட்டனி, நான் வயல்ல விழுந்தவர் எண்டு சொல்லி விட்டிட்டன். 2009 ல கடைசிச் சண்டை நேரம் மாத்தளன் பக்கம் மணலுக்கால நடக்கேக்க அவர் தன்ர பிள்ளையைத் தூக்கேலாமல் நிண்டதும் நான் வாங்கித் தோளில போட்டதும் உனக்கு ஞாபகம் இருக்கும், நீ என்ர சேட்டைப் பிடிச்சுக்கொண்டு வந்தனி. அண்டைக்கு என்ர தோளில இருந்தது ஆற்ற பிள்ளை எண்டுறதைவிட ஏன் இருந்தது எண்டுறது எனக்கு மட்டும்தான் தெரியும். இதை நான் உனக்கு முதல் சொல்லேல்லை. இப்ப சொல்லுறன்.

சரி, நீ அனுப்பின போமுக்கு வாறன். கடையில பிரின்ட் எடுத்து வைச்சு வாசிச்சன், விளங்காத இடங்களை முன்வீட்டு இங்கிலிஸ் ரீச்சர் வாசிச்சுச் சொன்னவ. உங்கட ஸ்ரேட் லேசான ஸ்ரேட் இல்லை. பிஸ்டலுக்கு 21 வயசு. கடைக்குப் போக முதல் உன்ர ஊர்ப் பொலிசிட்ட விண்ணப்பிக்கோணும், துவக்கு வாங்கிற அடையாள அட்டைக்கு 50 டொலர், ஒவ்வொரு பிஸ்டலுக்கும் தனித்தனிப் பேமிட், அது 25 டொலர். கைரேகை குடுக்கோணும். உன்னைப் பற்றிச் சொல்ல ரெண்டு பேரின்ர பேர் குடுக்கோணும், அந்த ரெண்டு பேரும் எண்ட இடத்தை வாசிக்கேக்க எனக்கு நெஞ்சு அடைச்சது, அது நான் பாத்த வேலை. தயவு செய்து உனக்காகப் பொய் சொல்லுற ஆக்களைப் போடாதை, உன்னை உண்மையாத் தெரிஞ்ச ஆக்களைப் போடு. பேமிட் வந்தால் 90 நாளைக்குத்தான் செல்லும், நீட்டலாம். பேமிட் கையில இருந்தாலும் கடையில திரும்ப அமெரிக்க அரசாங்கத்தின்ர 4473 போம் நிரப்பி, ஸ்ரேட் பொலிஸ் உன்ர பேரை லிஸ்டில போட்டுப் பாத்த பிறகுதான் கையில தருவினம். ஆரோ சிநேகிதர் பென்சில்வேனியாவில மலிவு எண்டு சொன்னதாச் சொன்னனி, அந்த எண்ணத்தை விடு, பிஸ்டலை நீ இருக்கிற ஸ்ரேட்டுக்கு வெளியில காசு குடுத்துக் கையில தூக்கிக்கொண்டு வரேலாது, அது உன்ர ஸ்ரேட்டில உள்ள லைசென்ஸ் கடைக்கு வந்துதான் உன்ர கைக்கு வரோணும்.

இனித்தான் முக்கியம். நியூ ஜேர்சி விண்ணப்பத்தில ஒரு கேள்வி இருக்கு, மன வருத்தத்துக்கு எப்பவாவது டொக்டரிட்டயோ ஆஸ்பத்திரியிலயோ காட்டினதோ எண்டு, தங்கித்தான் காட்டோணும் எண்டில்லை, போய் வந்திருந்தாலும் கேக்கினம். நீ அதுக்கு இல்லை எண்டு டிக் அடிக்கப் பாக்கிறாய், எனக்குத் தெரியும், அதாலதான் சும்மா போம் எண்டு சொன்னனி. முகாமால வந்த பிறகு ரெண்டு வருசம் நீ நித்திரையில கத்தி எழும்பி, கட்டிலுக்குக் கீழ போய்க் கிடந்து, வவுனியாவுக்கு நானும் நீயும் மாசம் ஒருக்கா பஸ்ஸில போய் வந்தம். அதில வெக்கப்பட ஒண்டுமில்லை. நீ பாத்ததைப் பாத்த பிள்ளைக்கு அது வராமல் இருந்திருந்தால்தான் அதிசயம். ஓம் எண்டு எழுது. எந்த டொக்டர், எந்த இடம், எப்ப எண்டு கேட்டிருக்கிற இடத்தில அதையும் எழுது, கிளினிக் கொப்பி இன்னும் என்ர பெட்டியில இருக்கு, படம் எடுத்து அனுப்பிறன். ஓம் எண்டு எழுதின உடன இல்லை எண்டு சொல்லமாட்டினம், பாப்பினம், தேவையெண்டால் இப்ப உள்ள டொக்டரின்ர கடிதம் கேப்பினம். பொய் எழுதினால் அந்தப் பொய்தான் குற்றம், அங்கத்தைய சட்டத்தில மூண்டில இருந்து அஞ்சு வருசம். குடுக்கமாட்டம் எண்டு சொன்னாலும் கோட்டுக்குப் போய்க் கேக்கலாம், பொய்யைப் பிடிச்சால் எங்க போறது?

கஞ்சாக் கேள்வியும் அப்பிடித்தான். உங்கட ஸ்ரேட்டில கடையில விக்கினம், சரி. ஆனா 4473 போமிலயே எழுதிக்கிடக்கு, ஸ்ரேட் விட்டாலும் அமெரிக்க அரசாங்கத்தின்ர சட்டத்தில அது குற்றம்தான் எண்டு. நீ பாவிக்கிறியோ எண்டு நான் கேக்கேல்லை. பாவிக்கிறதெண்டால் அந்தப் போமில கையெழுத்து வைக்காதை, அவ்வளவுதான்.

சித்தப்பாவின்ர பெடியன்ர கதைக்கு வாறன். அந்தப் போமின்ர தொடக்கக் கேள்வியே, வாங்கிறது உண்மையா நீதானோ எண்டு. அவன்ர காசில அவனுக்காக வாங்கிக்கொண்டு நீ ஓம் எண்டு போட்டால் அதிலயே குற்றம் முடிஞ்சுது, துவக்கு ஒரு வெடி வைக்கத் தேவையில்லை. 2022 ஆனி மாசம் கொண்டுவந்த சட்டத்தில துவக்கு வைச்சிருக்கத் தடையான ஆளுக்காக வாங்கிறதுக்கெண்டே தனிக் குற்றம் வைச்சு 15 வருசம் மட்டும் போட்டிருக்கினம். அவன் ஸ்ருடன்ட் விசாவில வந்தவன், அந்த விசாக்காரர் துவக்கு வைச்சிருக்கிறதே பொதுவாத் தடை, வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒரு சில விலக்கு இருக்கு, அப்பிடி இருந்தாலும் அவன் தன்ர பேரில தன்ர பேமிட்டிலதான் எடுக்கோணும். பரிசாக் குடுக்கிறன் எண்டு கதை விடவும் ஏலாது, உங்கட ஸ்ரேட்டில பிஸ்டலை வாங்கிக்கொள்ளுறவர் கையில பேமிட் இருக்கோணும். பிடிபட்டால் அவனைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்பிடுவாங்கள், அவனைப் படிப்பிக்கச் சித்தப்பா வைச்ச காணி உறுதி இன்னும் பாங்கில கிடக்கு. சொந்தக்காரன் கேட்டால் இல்லை எண்டு சொல்லக் கூச்சம் வரும், நானும் அந்தக் கூச்சத்திலதான் அண்டைக்குக் கையெழுத்து வைச்சனான்.

இன்னொண்டு, நீ இதை ஷெட்டுக்குக் கொண்டு போகத்தான் வாங்கிறாய் எண்டால் திரும்ப யோசி. வாங்கிற பேமிட் வேற, இடுப்பில கொண்டு திரியிற பேமிட் வேற. உன்ர வீட்டில வைச்சிருக்கலாம், உன்ர சொந்தக் கடையில வைச்சிருக்கலாம். அந்த ஷெட் உன்ரயில்லை, நீ சம்பளத்துக்கு நிக்கிறனி. கொண்டு திரியிற பேமிட்டுக்கு 200 டொலர் கட்டி, பயிற்சி எடுத்து, நாலு பேர் உனக்காகச் சொல்லோணும், அது கிடைச்சாலும் முதலாளி சம்மதிக்கோணும். அது இல்லாமல் இடுப்பில வைச்சிருந்து பிடிபட்டால் அஞ்சில இருந்து பத்து வருசம், அதில பொதுவாக் குறைஞ்சது மூண்டரை வருசம் உள்ள இருக்கோணும். லைசென்ஸ் எடுத்த துவக்கெண்டு சொல்லித் தப்பேலாது. பயிற்சிக்குச் சுடுற இடத்துக்குக் கொண்டு போறதெண்டாலும் தோட்டா கழட்டி, பெட்டியில பூட்டி, காரின்ர டிக்கிக்குள்ள. ராவில தனிய நிக்கிற பயத்துக்கு முதலாளியிட்ட இன்னொரு ஆளைப் போடச் சொல்லு, பத்து மணிக்குப் பிறகு காசைப் பெட்டகத்தில போடச் சொல்லு, அவர் மாட்டன் எண்டால் அந்த வேலையை விடு. சீட்டுக் காசு நான் பாத்துக்கொள்ளுறன்.

வீட்டில சின்னவள் இருக்கிறாள். நாலு வயசு. போன கிழமை வீடியோவில அவள் அலுமாரிக்கு மேல ஏறி நிண்டு எனக்கு டாட்டா காட்டினவள், நீங்கள் ரெண்டு பேரும் சிரிச்சனீங்கள். அங்கத்தைய சட்டம் 16 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு எட்டிற மாதிரி தோட்டா போட்டு வைச்சால் குற்றம் எண்டு சொல்லுது. கடையில பூட்டுத் தருவினம், அது போதாது. இரும்புப் பெட்டி ஒண்டை முதல் வாங்கிச் சுவரில அடி, பிறகு பேமிட்டுக்குப் போ. தோட்டாவை வேற இடத்தில பூட்டு. மருமகளுக்கு எல்லாம் தெரியோணும், அவவுக்குத் தெரியாமல் ஒரு நாளும் வைச்சிருக்காதை. அவ வேண்டாம் எண்டு சொன்னால் அவவின்ர சொல்லைக் கேள். நீ நித்திரையால கத்தி எழும்பேக்க பக்கத்தில இருக்கிறது அவதான்.

அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லேல்லை. எங்கட வீட்டுக்குப் பின்னால காட்டுப் பக்கம் மிதிவெடிக்குப் போட்ட சிவப்பு மண்டையோட்டு போர்ட் கழட்டி இத்தனை வருசமாகியும் அவ அந்தப் பாதையால விறகுக்குப் போறேல்லை. நீயே ஆறுதலாச் சொல்லு, நான் பக்கத்தில இருக்கிறன்.

தம்பியின்ர பெடியனுக்கு உனக்கு இல்லை எண்டு சொல்லக் கஷ்டமெண்டால் நீ ஒண்டும் சொல்லாதை. நாளைக்குக் காலமை முதல் பஸ்ஸில முள்ளியவளைக்குப் போறன், தம்பியோட நானே கதைக்கிறன், இந்தக் கடிதத்தில எழுதினதைத்தான் சொல்லுவன். கிளினிக் கொப்பியின்ர படம் பின்னேரம் அனுப்பிறன். முதல் பக்கத்தில உன்ர பேரை நீயே எழுதினனி, பென்சிலால, கொஞ்சம் அழிஞ்சு போச்சு, ஆனா வாசிக்கலாம்.

அன்புடன்
அப்பா