மின்தடையில் உதவாத சூரியத் தகடுகள்

ஆசிரியருக்கு,

இயற்கைப் பேரிடரை நகரங்கள் எந்த அளவுக்குத் தாங்கும் என்று மதிப்பிடும்போது, மொட்டைமாடிச் சூரியத் தகடுகளின் மெகாவாட் கணக்கைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். புயலில் மின்சாரம் போனால் அவற்றில் எத்தனை இயங்கும் என்பதையல்லவா முதலில் கேட்க வேண்டும்? கம்பியைப் பழுதுபார்க்கும் ஊழியர்மீது மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக, பொது மின்தொகுப்புடன் (ஊருக்கே மின்சாரம் தரும் கம்பி வலையமைப்பு) இணைந்த, தகடுகளின் மின்சாரத்தை வீட்டுக்கேற்ப மாற்றித்தரும் சாதாரண சூரிய இன்வெர்ட்டர், தொகுப்பு நின்றதும் தானும் நின்றுவிடும். பாதுகாப்புக்கு அது சரியே. ஆனால் மறுநாள் வெயில் கொளுத்தினாலும் கைபேசிக்குக்கூட மின்னேற்ற முடியாது. பேட்டரியும், தொகுப்பிலிருந்து பிரிந்து தனித்து இயங்கும் வசதியும் இருந்தால்தான் பயன்.

2011 ஜப்பான் நிலநடுக்கத்தில் செண்டாய் நகரம் இருண்டபோது, ஒரு பல்கலைக்கழக வளாகத்தின், தனித்து இயங்கக்கூடிய சிறு மின்தொகுப்பு அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கைகொடுத்தது (எரிவாயு இயந்திரங்களுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு). 2012 சாண்டி புயலில் நியூயார்க்கில் நேர்மாறு: அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து மாற்று மின்வசதியும் செயலிழக்க, பெரிய மருத்துவமனை ஒன்றின் நோயாளிகளை இருட்டில் படிக்கட்டு வழியே தூக்கி இறக்கினார்கள்.

மதிப்பீட்டாளர்கள் மெகாவாட்டோடு நிற்க வேண்டாம். தொகுப்பு நின்றபின் மருத்துவமனையும் குடிநீர் பம்பும் எத்தனை மணி நேரம் ஓடும், ஜெனரேட்டர் எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதையும் எழுதட்டும்.

– ஒரு வாசகர்