யூகேஜி பிள்ளைக்கு டியூஷன் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கடிதப் பகுதியில் ஒரு தந்தை எழுதியிருந்தார். மகன் யூகேஜி முடிக்கப் போகிறான், இன்னும் நாலெழுத்து ஆங்கிலச் சொல்லை எழுதத் திணறுகிறான், கூடப் படிக்கிற பிள்ளைகள் வாக்கியமே எழுதுகிறார்கள், டியூஷன் வைக்கலாமா என்று கேட்டிருந்தார். நான் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுப்பவள். யூகேஜி முடித்த பிள்ளைகள் ஜூனில் வந்து உட்காருவது என்னைப் போன்றவர்கள் முன்னால்தான். அந்த உரிமையில் சொல்கிறேன்: வேண்டாம்.

பிப்ரவரி, மார்ச்சில் யூகேஜி வகுப்பில் என்ன நடக்கிறது என்பது நோட்டைப் புரட்டினாலே தெரியும். 1 முதல் 100 வரை எழுதுவது, பிறகு 100-லிருந்து தலைகீழாக, அப்புறம் முன்னால் எது, பின்னால் எது, நடுவில் எது. நாலு கோடு நோட்டில் ஆங்கிலக் கூட்டெழுத்து. தமிழில் உயிர் 12, மெய் 18, சில பள்ளிகளில் க, கா, கி வரிசையும். இதற்கு நடுவே ஆண்டு விழா ஒத்திகை, கறுப்பு அங்கி மாட்டி ஒரு பட்டமளிப்பு விழா. (நம் ஊர் பங்குனி வெயிலில் அந்த அங்கியை யார் கண்டுபிடித்தார்களோ!) எப்படியாவது போர்ஷன் முடிந்தாக வேண்டும். ஏனென்றால், வேறு பள்ளிக்கு மாறுகிற பிள்ளையை அங்கே உட்கார வைத்து எழுதச் சொல்வார்கள். சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டம் சொல்கிறது. அதனால் அதைத் தேர்வு என்று சொல்ல மாட்டார்கள், 'சும்மா பேசிப் பார்க்கிறோம்' என்பார்கள். பேசிப் பார்க்கிற மேஜையில் பென்சிலுக்கும் தாளுக்கும் என்ன வேலை என்று எந்தப் பெற்றோரும் கேட்பதில்லை. கேட்டால் இடம் கிடைக்காதே.

சரி, 100 வரை மளமளவென்று எழுதுகிற பிள்ளையின் கையில் கொஞ்சம் புளியங்கொட்டையைக் கொடுத்து, "இதில் ஏழு எடுத்துக் கொடு" என்று சொல்லிப் பாருங்கள். விரல் மூன்றாவது கொட்டையில் இருக்கும்போது வாய் ஐந்துக்குப் போயிருக்கும். தொட்ட கொட்டையையே திரும்பவும் தொடும். ஒருவழியாக ஏழு என்று முடித்த பிறகு, "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். 58-க்குப் பின்னால் 59 என்று நோட்டில் சரியாகத்தான் எழுதியிருக்கும், அது வாய்ப்பழக்கம். இந்தப் பிள்ளைக்குக் கூட்டல் சொல்லிக் கொடுக்க நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். மாசி, பங்குனி புளி உடைக்கிற காலம். எங்கள் பக்கம் எந்தத் திண்ணையிலும் கொட்டை கிடைக்கும். ஒத்தையா ரெட்டையா விளையாடி, கொட்டையைக் குவித்தும் பிரித்தும் பழகிய பிள்ளைக்கு 20 வரைதான் எண்ணத் தெரியும் என்றாலும் எனக்குப் போதும்.

எழுத்தும் இப்படித்தான். ஐந்து வயதில் மணிக்கட்டு எலும்புகளே முழுதாக உருவாகியிருக்காது. அந்தக் கையால் பக்கம் பக்கமாக எழுதினால், பிள்ளை பென்சிலை முஷ்டி மடக்கிப் பிடித்து அழுத்தும். தாளைத் திருப்பித் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படும். அந்தப் பிடியை மாற்றுவது, எழுதவே தெரியாத பிள்ளைக்கு எழுத்தறிவிப்பதைவிடக் கஷ்டம். களிமண் உருட்டுவது, காகிதம் கிழித்து ஒட்டுவது, பூக் கோப்பது, சட்டைப் பொத்தானைத் தானே போடுவது, இவை விரலுக்கு வலுத் தரும். தமிழை நான் 'அ'-விலிருந்து தொடங்குவதும் இல்லை. அத்தனை சுழிப்பு உள்ள எழுத்தை முதலில் எதற்குக் கொடுக்க வேண்டும்? ட, ப, ம மூன்றையும் எழுதி, புள்ளி வைக்கவும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம் என்று பிள்ளை தானே வாசிக்க ஆரம்பித்துவிடும்.

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யூகேஜி தொடங்கினார்கள். அப்படிப்பட்ட மையத்திலிருந்தும், சாதாரண அங்கன்வாடியிலிருந்தும் என்னிடம் பிள்ளைகள் வருகிறார்கள். நோட்டில் அவ்வளவாக எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் கை கழுவிவிட்டுத் தட்டோடு வரிசையில் நிற்பார்கள், கதை கேட்பார்கள். வீட்டில் ஆடு குட்டி போட்டதை மூச்சுவிடாமல் சொல்வார்கள். எல்லா மையமும் அப்படி இல்லை, ஒரே பணியாளர் சமையலையும் பதிவேட்டையும் பார்த்துக்கொண்டு பாடமும் நடத்த முடியாமல் தவிக்கிற மையங்களும் உண்டு. இருந்தாலும், கோவையாக நாலு வாக்கியம் பேசத் தெரிந்த பிள்ளை எழுத்தில் சீக்கிரமே மற்றவர்களைப் பிடித்துவிடுகிறது. எழுதத் தெரிந்தும் வாய் திறக்காத பிள்ளையோடுதான் நான் அதிகம் போராடுகிறேன்.

தேசியக் கல்விக் கொள்கையோடு நம் மாநிலத்துக்கு இருக்கிற சண்டை நியாயமான சண்டை என்பதுதான் என் கருத்து. ஆனால் அதையொட்டி 2022-இல் வந்த அடிப்படைநிலைக் கலைத்திட்டம், 3 வயதிலிருந்து 8 வயது வரை ஒரே கட்டம் என்று சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. இரண்டாம் வகுப்பு முடியும் வரை நேரம் இருக்கிறது என்றுதானே அதற்குப் பொருள்? பிறகு ஏன் யூகேஜி மார்ச்சிலேயே எல்லாவற்றையும் முடிக்க வேண்டும்?

அந்தத் தந்தை தம் கடிதத்தின் கடைசியில், மகன் பேருந்துப் பலகையைப் பார்த்து ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுகிறான் என்று போகிற போக்கில் எழுதியிருந்தார். ஐயா, அதுதான் வாசிப்பின் தொடக்கம். கூட நின்று, அடுத்த பேருந்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை, கரும்பலகையைக் கண் சுருக்கிப் பார்க்கிறான், இந்த வயதிலும் வாக்கியமாகப் பேச வரவில்லை என்றால் மட்டும் அலட்சியமாக இருக்க வேண்டாம். அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும், டியூஷன் மிஸ்ஸை அல்ல.

ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் சிறுவர் பக்கத்தில் கோடை விடுமுறை வந்தால் புள்ளிக் கோட்டின் மேல் எழுதிப் பழகும் பயிற்சியைப் போடுகிறீர்கள். இந்த மே மாதம் அந்த இடத்தில் கத்தரித்து ஒட்டுகிற படமோ, பாட்டியிடம் கேட்டு விடை கண்டுபிடிக்கிற விடுகதையோ போடுங்கள். எங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டவும் ஆகும்.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்பு ஆசிரியை,
தூத்துக்குடி மாவட்டம்