அந்தப் பச்சை ஒளியை மேலே காட்டாதீர்கள்

மதுரை சுற்றுச்சாலையிலும் பெருங்குடி, அவனியாபுரம் வட்டாரத்திலும் திருமண மண்டபம் நடத்துவோருக்கும் கோயில் விழாக் குழுவினருக்கும்,

வணக்கம். சென்ற வைகாசியில் உறவினர் வீட்டுத் திருமண வரவேற்புக்குப் போயிருந்தேன். மண்டபத்து மொட்டைமாடியில் லேசர் விளக்கு ஒன்றை நிறுத்திப் பச்சைக் கதிரை வானத்தில் சுழலவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் கப்பலூர்ப் பக்கமிருந்து ஒரு விமானம் மதுரை விமான நிலையத்தில் இறங்கத் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. கதிர் விமானியின் கண்ணைக் கூசச் செய்துவிடுமே என்று மூச்சிரைக்க மாடிக்கு ஓடினேன். விளக்கை இயக்கிய தம்பி நான் சொன்னதும் அணைத்துவிட்டார். "இதுவரைக்கும் யாருமே சொன்னதில்லை ஐயா" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அதனால்தான் உங்களுக்கு இந்த மடல்.

என் மகள் வேறு மாநிலத்தில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலராக இருக்கிறாள். அவள் அந்த வேலைக்குப் போகும்வரை, விமான நிலையக் கோபுரத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்துகொண்டு எல்லா விமானங்களையும் ஓட்டிவைக்கிறார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதை ஓரம்வரை விமானத்தை நகர்த்துவது கிரவுண்ட் பிரிவு. ஓடுபாதையும் அதைச் சுற்றியுள்ள வானமும் டவர் எனப்படும் கோபுரப் பிரிவின் பொறுப்பு. எழும்பிய விமானத்தை ஏற்றுக்கொள்வதும் இறங்க வருபவற்றை வரிசைப்படுத்துவதும் அப்ரோச் பிரிவு. அதற்கும் அப்பால் நெடும்பாதையில் பறப்பவற்றைச் சென்னையில் உள்ள பகுதிக் கட்டுப்பாட்டு மையம் கவனிக்கிறது. கைக்குழந்தையை ஒருவர் மடியிலிருந்து இன்னொருவர் மடிக்கு மாற்றுவதுபோல விமானம் கைமாறிக்கொண்டே வருகிறது. சிறிய நிலையங்களில் ஒருவரே இரண்டு பொறுப்புகளைச் சேர்த்துப் பார்ப்பதும் உண்டு. முக்கியமான ஒவ்வோர் உத்தரவையும் விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். அதில் ஓர் எண் பிசகினாலும் காதால் பிடித்துத் திருத்த வேண்டியது இவர்கள் வேலை.

இவர்களுள் டவரில் இருப்பவருக்குக் கண்தான் முதல் கருவி. முன்னே இறங்கிய விமானம் ஓடுபாதையைவிட்டு விலகிவிட்டதா, ஆய்வு ஜீப் வெளியே வந்துவிட்டதா, நாய் ஏதும் குறுக்கே ஓடுகிறதா என்று கண்ணாடிக்கு வெளியே பார்த்த பிறகுதான் "இறங்கலாம்" என்ற சொல் வாயிலிருந்து வரும். இரவில் அந்த அறையின் விளக்குகளை மங்கலாகவே வைத்திருப்பார்களாம். கண் இருளுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். அதைக் கெடுக்க லேசரின் ஒரே ஒரு வீச்சு போதும்.

விமானியின் நிலை இன்னும் கடினம். நம் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. வழக்கமான 3 டிகிரிச் சரிவில் இறங்கும் விமானம், ஓடுபாதைக்கு 5 கிலோமீட்டர் முன்னால் ஏறக்குறைய 260 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். ஜெட் விமானம் என்றால் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர் அளவில் இருக்கும். அந்த 5 கிலோமீட்டரைக் கடக்க ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல் நேரம்தான். லேசர் கதிர் தொலைவு கூடக்கூட விரியும். விமானி அறைக் கண்ணாடியில் பட்டுச் சிதறினால் எதிரே ஓடுபாதை விளக்குகள் தெரியாது, பச்சை மட்டுமே தெரியும். விமானத்துக்குள் இருப்பவர்கள் வளைகுடாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊர் திரும்பும் நம் பிள்ளைகள்.

மகள் சொன்னவற்றுள் என்னை உலுக்கியது வேறொன்று. வானொலித் தொடர்பு அறுந்துபோனால் பயன்படுத்துவதற்காகக் கோபுரத்தில் ஒரு சைகை விளக்கு வைத்திருப்பார்கள். பறக்கும் விமானத்தை நோக்கி அசையாத பச்சையைக் காட்டினால் "இறங்கலாம்" என்று பொருள். அசையாத சிவப்பு, "மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருங்கள்". விட்டுவிட்டு ஒளிரும் சிவப்பு, "நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்க வேண்டாம்". உலகம் முழுவதற்கும் இதுவே மொழி. நம் வரவேற்பு விளக்கை எந்த விமானியும் உத்தரவாக எடுத்துக்கொண்டு இறங்கிவிடப் போவதில்லை. ஆனாலும் அந்த வானத்தில் பச்சை ஒளி என்பது ஒரு சொல். அதைச் சொல்லும் உரிமை கோபுரத்தில் இருப்பவருக்கு மட்டுமே உண்டு.

ட்ரோன் படம் எடுப்போரிடமும் சொல்லுங்கள். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 5 கிலோமீட்டர்வரை சிவப்பு மண்டலம். மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. அங்கிருந்து 8 கிலோமீட்டர்வரை மஞ்சள் மண்டலம். அங்கே வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். மாப்பிள்ளை அழைப்பாக இருந்தாலும் ஜல்லிக்கட்டாக இருந்தாலும் விதி ஒன்றுதான்.

கொண்டாட்டத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. லேசரை மண்டபத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சுவரிலும் மேடையிலும் ஆடட்டும். முன்பதிவுப் படிவத்தில் "வானத்தை நோக்கி லேசர் கூடாது, அனுமதியின்றி ட்ரோன் கூடாது" என்று ஒரு வரி சேர்த்து, ஒளி அமைப்பாளரிடமும் கையெழுத்து வாங்குங்கள். விழாக் குழுவினர் வாணவேடிக்கைக்கு நாள் குறிக்கும்போதே விமான நிலைய அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் கொடுங்கள்.

ஆடி மாதத்தில் மண்டபங்கள் சும்மா கிடக்கின்றன. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் புதிய படிவம் அச்சாகிவிடட்டும். அச்சுக்கூலி பெரிதாகத் தெரிந்தால் சொல்லுங்கள், நான் தருகிறேன்.

அன்புடன்,
பெருங்குடியிலிருந்து ஒரு தகப்பன்